மலையே கோபுரம்: திண்டுக்கல் கோட்டையும் காவல் பார்வையும்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்குக் ‘காவற்கோபுரங்கள்’ என்ற பொருளைத் தந்திருக்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் வரலாறு படித்தவர்களுக்கு இத்தாலி நினைவுக்கு வரும். பொலோஞா நகரில் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த அசினெல்லி கோபுரம் 97 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. சான் ஜிமிஞானோ என்ற சிற்றூரில் செல்வக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவற்றில் பதினான்கு மிஞ்சியிருக்கின்றன. பிற்பாடு, 16-ஆம் நூற்றாண்டில், கடற்கொள்ளையருக்கு அஞ்சி நேப்பிள்ஸ் அரசு தன் கடற்கரை முழுதும் காவற்கோபுரங்களை எழுப்பியது. ஒன்றில் நிற்பவன் கண்ணுக்கு அடுத்தது தெரிய வேண்டும் என்பதே அந்த வரிசைக்கு விதி. பகலில் புகை, இரவில் தீ. கப்பலின் பாய் தெரிந்த சற்று நேரத்துக்குள் செய்தி பல காதம் போய்விடும்.

அந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர் மலைக்கோட்டைக்கு வருவோம். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். திண்டுக்கல் கோட்டையை நாம் நெடுங்காலமாக மதிலாகவும் பீரங்கியாகவும் பார்த்துப் பழகிவிட்டோம். அதன் முதல் வேலை பார்ப்பது. அதை ஒரு காவற்கோபுரமாகப் படித்தால்தான் அதன் கட்டடமும் அதன் வரலாறும் ஒன்றுக்கொன்று பொருந்தி விளங்கும்.

முதலில் ஓர் அளவைச் சரிசெய்ய வேண்டும். சுற்றுலாக் கையேடுகள் பலவற்றில் இந்தக் குன்று 900 அடி உயரம் என்று அச்சாகி வருகிறது. ஊரின் தரையே கடல் மட்டத்துக்கு மேல் 880 அடியில் இருக்கிறது. குன்றின் உச்சி 1,223 அடி. கழித்துப் பார்த்தால் ஊரிலிருந்து நிமிர்ந்து நிற்கும் பாறை சுமார் 340 அடி. 900 அடி என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும் என்பதும் இதிலேயே புலப்படுகிறது. உயரம் குறைந்துவிட்டதே என்று யாரும் வருந்த வேண்டாம். 340 அடி உயரத்தில் நிற்பவனுக்குத் தடையில்லாத சமவெளியில் தொடுவானம் ஏறக்குறைய 36 கிலோமீட்டர் தொலைவில் விழும். பீரங்கியையும் தானிய மூட்டைகளையும் மாடுகள் இழுத்து வரும் பழைய காலப் படை ஒரு நாளில் பத்து மைல் கடப்பதே பெரிது. ஆகவே உச்சியில் நிற்கும் காவலன் புழுதியைக் கண்ட நேரத்துக்கும் படை அடிவாரத்தை எட்டும் நேரத்துக்கும் நடுவே இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளைத்தான் மதுரை நாயக்கர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள்.

இத்தாலியில் அந்த உயரத்தைச் செங்கல்லாலும் கல்லாலும் அடுக்க வேண்டியிருந்தது. அசினெல்லி கோபுரம் அத்தனை உழைப்புக்கும் பிறகு எட்டிய உயரம் நம் பாறை தானாகவே தந்த உயரத்துக்குச் சற்றுக் குறைவு. இங்கே கோபுரத்தை இயற்கை கட்டிவிட்டது. மனிதர் செய்ய வேண்டியிருந்தது அதன் தலையைச் சுற்றி ஒரு மதில், ஏறுவதற்குப் படி, குடிப்பதற்கு நீர், படுப்பதற்கு இடம்.

இந்த மதிலைத் தொடங்கியவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், ஆண்டு 1605. அதற்கு முன்பே உச்சியில் கோயில் இருந்தது. அபிராமி அம்மன் அங்கிருந்தே கீழே ஊருக்குள் எழுந்தருளினாள் என்பது மரபு. கருவறை வெறுமையாக நிற்கும் அந்த மலைக்கோயிலின் தூண்களும் மண்டபமும் விஜயநகரப் பாணியைச் சேர்ந்தவை. கோட்டை எழுந்ததற்கு மறு ஆண்டு, 1606-இல், ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். தத்துவ போதகர் என்று நாம் அறியும் அந்தப் பாதிரியார் கோபுரங்கள் நிறைந்த இத்தாலியில் பிறந்து வளர்ந்தவர். திண்டுக்கல்லின் மதிலும் நேப்பிள்ஸ் கடற்கரையின் கோபுர வரிசையும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக் காலத்தவை என்பதை மறக்காமல் இருப்பதற்காகவே இதைச் சொன்னேன். இரண்டு நாடுகளும் ஒரே கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தன: எதிரி வருவது நமக்கு எவ்வளவு முன்னால் தெரியும்?

மதுரைக்கு எதிரி எங்கிருந்து வருவான்? மைசூரிலிருந்து. எந்த வழியாக வருவான்? வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை, வடகிழக்கே கரந்தமலை. இவற்றுக்கு நடுவில் திறந்து கிடக்கிறது திண்டுக்கல் சமவெளி. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்தும் கரூர்ப் பக்கத்திலிருந்தும் மதுரைக்கு இறங்கும் சாலைகள் இந்த வெளியில் கூடித்தான் தெற்கே போக வேண்டும். 1625-ஐ ஒட்டி மைசூர்ப் படை ஒருமுறை இந்த வழியாக வந்தது. திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பையனும் கன்னிவாடிப் பாளையக்காரரும் அதைத் தடுத்துத் திருப்பினார்கள். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கன்னிவாடி என்ற பெயரை. கோட்டை கண்டது, பாளையம் கைகொடுத்தது. திண்டுக்கல் சீமையில் பதினெட்டுப் பாளையங்கள் இருந்தன என்பார்கள். பாளையக்காரருக்கு ஊர்க்காவல் கடமை, காவலுக்குரிய வரி உரிமை, அழைத்தால் படை கொண்டுவரும் பொறுப்பு எல்லாம் உண்டு. நேப்பிள்ஸ் கோபுரங்கள் தமக்குள் தீயால் பேசிக்கொண்டன. இங்கே மலைக்கோட்டை பாளையங்களோடு பேசியது. பாளையங்கள் இல்லாமல் இந்தக் கோட்டையைத் தனியே எடுத்து ஆராய்வது ஆளில்லாத கோபுரத்தை ஆராய்வதற்குச் சமம்.

இப்போது கட்டட அமைப்புக்கு வருகிறேன். நாயக்கர் காலத்தில் தொடங்கி, திருமலை நாயக்கர், இராணி மங்கம்மாள், பிறகு ஹைதர், திப்பு, கடைசியாகக் கிழக்கிந்தியக் கும்பினியார் என்று ஒவ்வொருவரும் தொட்ட கட்டடம் இது. பாறையைச் செதுக்கிய படிகளை அமைத்தவர் மங்கம்மாள் என்று ஊர் சொல்கிறது. மேலே ஏறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குன்றின் சரிவு எங்கே செங்குத்தாக இருக்கிறதோ அங்கே மதில் எளியதாக இருக்கிறது. மனிதன் கால் வைக்கக்கூடிய பக்கத்தில்தான் கட்டடம் தடித்து, வாயில், வளைவு, கொத்தளம் என்று பெருகுகிறது. பாறை செய்யும் வேலையைக் கல்தச்சர் மறுபடி செய்யவில்லை. இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், வெளி, மலை, காடு நான்கையும் அரணின் உறுப்புகளாக வைக்கிறது. காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருப்பதே நல்ல அரண் என்று இலக்கணம் சொல்கிறது. காக்க வேண்டிய சிறிய இடம் எது என்பதைத் திண்டுக்கல் வாயிலின் முன் நின்று பார்த்தால் கண்கூடாகத் தெரியும்.

வெடிமருந்துக் கிடங்கு தனிப் பாடத்துக்கு உரியது. இரட்டைச் சுவர், நீர் தங்காமல் வழிந்தோடச் சரிவான கூரை, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கூரையில் வட்டத் துளைகள். ஒரு மூலையில் மட்டும் சுவரை மெல்லிய செங்கல்லால் எழுப்பியிருக்கிறார்கள். நெருக்கடி வந்தால் உள்ளே இருப்பவர்கள் அதை உடைத்துத் தப்பலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தீயும் ஈரமும் வெடிமருந்தின் இரண்டு பகைவர்கள். இரண்டையும் தெரிந்த ஒருவர் இந்த அறையைத் திட்டமிட்டிருக்கிறார். சற்றுத் தள்ளிச் சிறைக்கூடங்களாகப் பயன்பட்ட அறைகள், சமையற்கூடம், குதிரை லாயம், படைத்தலைவர்கள் கூடிய மண்டபம். சிறை அறைகளுக்குள் போகிற பிள்ளைகள் எதிரொலியைக் கேட்டுக் கூச்சலிட்டு மகிழ்கிறார்கள். அந்த இருட்டில் கைதியாகக் கிடந்தவர்களையும் ஆசிரியர்கள் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.

மற்ற எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைப்பது நீர். உச்சியில் ஆறு இல்லை, கிணறும் இல்லை. மொட்டைப் பாறை. ஆனால் மண்ணில் விழும் மழை ஊறிப் போகும். பாறையில் விழும் மழை ஓடும். ஒரு ஏக்கர் பாறையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது நாற்பதாயிரம் லிட்டர் நீர். பாறையின் சாய்வைப் படித்து, ஓடும் நீர் தானே வந்து சேரும் பள்ளங்களில் தேக்கங்களை அமைத்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தவறாமல் பெய்தால் முற்றுகையில் அகப்பட்ட படை மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். கோட்டையைப் பற்றி எழுதுபவர்கள் பீரங்கிக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கி, இந்தத் தேக்கங்களுக்கு ஒரு வரி தருகிறார்கள். நீர் இல்லாத காவலன் மூன்றாம் நாள் கீழே இறங்கிவிடுவான். அவனை மேலே நிறுத்தி வைத்தது இந்தத் தேக்கங்கள்தான்.

இனி வரலாற்றுக்குத் திரும்புவோம். 1742-இல் கோட்டை மைசூரின் கைக்குப் போனது. 1755-இல் இதன் ஃபௌஜ்தாராக, அதாவது படை ஆளுநராக, வந்தார் ஹைதர் அலி. அப்போது அவர் மைசூர்ப் படையின் ஒரு தளபதி மட்டுமே. பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்குவதற்காக அனுப்பப்பட்டவர், இந்த ஊரில்தான் தனக்கென ஒரு படையையும் கருவூலத்தையும் உருவாக்கிக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்களை வரவழைத்துப் பீரங்கிப் படையும் ஆயுதச் சாலையும் அமைத்தார். பின்னாளில் ஆங்கிலேயரை இரு போர்களில் திணறடித்த மைசூர்ப் பீரங்கிப் படையின் தொட்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது திண்டுக்கல். குழந்தை திப்பு இங்கே இருந்தான். ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் நினைவு பேகம்பூர் என்ற பெயரில் ஊரோடு கலந்திருக்கிறது.

ஆனால் எந்தக் காவற்கோபுரத்துக்கும் மறைவுப் பக்கம் ஒன்று உண்டு. நம் மலைக்கு அது சிறுமலையின் பின்புறம். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் பழைய வழி நத்தம் கணவாய் வழியாகச் சிறுமலைக்கும் கரந்தமலைக்கும் அப்பால் போகிறது. மலைக்கோட்டையின் கண்ணுக்கு அது அகப்படாது. ஹைதர் திண்டுக்கல்லுக்கு வந்த அதே 1755-ஆம் ஆண்டு மே மாதம், கர்னல் ஹெரானின் கும்பினிப் படை கோயில் விக்கிரகங்களைக் கொள்ளையிட்டுக்கொண்டு திரும்பும்போது, நத்தம் கணவாயில் கள்ளர் மக்கள் அதை மறித்துத் தாக்கி நிலைகுலைய வைத்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின், 1757-இல், ஹைதர் திண்டுக்கல்லிலிருந்து இறங்கிச் சோழவந்தானைப் பிடித்து மதுரைப் பக்கம் வரை சூறையாடினார். அவரையும் நத்தம் பக்கத்தில் வைத்தே கும்பினியின் படைத்தலைவர் யூசுப் கான் முறியடித்துத் திண்டுக்கல்லுக்குத் திரும்ப வைத்தார். நாயக்கர் கண் வடக்கையும் மேற்கையும் நோக்கியது. மைசூருக்கோ பகை கிழக்கிலும் தெற்கிலும் இருந்தது. கட்டியவரின் தேவை வேறு, கைப்பற்றியவரின் தேவை வேறு. கோட்டை திரும்பி நிற்க முடியாது.

மைசூர் மூலமாக இந்த மலை சிவகங்கைக்கும் அடைக்கலம் ஆனது. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின் சிவகங்கை அரசி வேலு நாச்சியார் இந்தச் சீமைக்குத்தான் வந்தார். விருப்பாட்சியும் திண்டுக்கல்லும் எட்டு ஆண்டுகள் அவருக்கு இடம் கொடுத்தன. 1780-இல் ஹைதரின் துணைப்படையோடு புறப்பட்டுச் சிவகங்கையை மீட்டார். நம் பெண் பிள்ளைகள் இந்த மலைப்படிகளில் ஏறும்போது அவர் நினைவு வருமானால் நல்லது.

பிறகு வந்தவை ஆங்கிலேயப் போர்கள். முதல் மைசூர்ப் போரில் கோட்டை கைமாறியது; பிறகு மைசூருக்கே திரும்பியது. 1783-இல் கர்னல் லாங் பிடித்தார். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கையில் மீண்டும் மைசூருக்கே. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். பீரங்கியால் மதிலில் பிளவு ஏற்படுத்தி ஏற முயன்ற அவருடைய படையை உள்ளே இருந்தவர்கள் அடித்து இறக்கினார்கள். ஆனாலும் மறுநாள் காலை கோட்டை சரணடைந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு திண்டுக்கல் கும்பினிக்கே உரியதாயிற்று.

இந்த இடத்தில் ஒரு வியப்பான ஒப்பீடு. ஸ்டூவர்ட் இங்கே வென்ற நான்கே ஆண்டில், 1794 பிப்ரவரியில், ஆங்கிலேயக் கடற்படை கோர்சிகாத் தீவில் மோர்தெல்லா முனையில் நின்ற ஒரு பழைய காவற்கோபுரத்தைத் தாக்கியது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள் கட்டிய வட்டக் கோபுரம் அது. இரண்டு போர்க்கப்பல்களின் குண்டுகளை அது தாங்கி நின்று கப்பல்களைப் பின்வாங்க வைத்தது. பிறகு தரைவழிப் பீரங்கியால்தான் வீழ்ந்தது. வியந்துபோன ஆங்கிலேயர் அதே வடிவத்தில் ‘மார்ட்டெல்லோ’ என்ற பெயரில் தம் கரையெங்கும் கோபுரங்களைக் கட்டிக்கொண்டார்கள். இலங்கையில் அம்பாந்தோட்டையில் ஒன்று இருக்கிறது. ஒரு சிறு கோபுரத்தின் வலிமையை ஒரு பேரரசே படித்துப் பின்பற்றியிருக்கிறது. மும்முறை தன் கைக்கு வந்த திண்டுக்கல்லிடமிருந்து அந்தப் பேரரசு எதையும் படித்துக்கொள்ளவில்லை. வென்ற நாட்டின் கட்டடத்தை மாதிரியாகக் கொள்ளும் எண்ணம் அதற்கு எழவில்லை என்றே நான் கருதுகிறேன்.

மதில் திண்டுக்கல்லைக் காப்பாற்றவில்லையே என்று சிலர் கேட்பார்கள். இத்தனை முறை கைமாறிய கோட்டை எப்படி வலிய கோட்டை ஆகும் என்பதும் நியாயமான கேள்வி. காவற்கோபுரம் முற்றுகையைத் தாங்குவதற்காக உண்டானது அன்று. அது எச்சரிக்கும், எச்சரிக்கையைக் கேட்டு வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். பாளையங்கள் துணை நின்ற காலத்தில் திண்டுக்கல் வழியாக வந்த படை திரும்பியது. 1790-இல் அப்படி வெளியிலிருந்து வர யாரும் இல்லை. கும்பினி இதைப் புரிந்துகொண்டுதான் கோட்டையைப் பிடித்த கையோடு பாளையங்களை ஒடுக்கியது. அதை எதிர்த்துத் திண்டுக்கல் பாளையக்காரர்களை ஒன்று திரட்டியவர் விருப்பாட்சி கோபால நாயக்கர். 1801-இல் அவரைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு மலைக்கோட்டை பார்த்துச் சொல்வதற்குக் கீழே கேட்பவர் இல்லை. கும்பினிப் படை 1860 வரை இருந்துவிட்டுப் போனது.

இன்று கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்தைத் தடுக்கிறது. அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். மதிலைக் காக்க இது போதும். பார்வையைக் காக்கப் போதாது. காவற்கோபுரத்தின் பாதி அதன் எதிரே விரிந்த வெளி. உச்சியிலிருந்து சிறுமலையும் பழனி மலையும் இடையே சாலைகளும் ஒரே வீச்சில் தெரிகிற அந்தக் காட்சியை ஆவணமாக்கி, எந்தெந்தத் திசையில் அது மறைந்து வருகிறது என்று பதிவு செய்தாக வேண்டும். பாறைத் தேக்கங்களையும் அளந்து, அவற்றுக்கு நீர் வரும் தடங்களை வரைந்து வைக்க வேண்டும்.

இதை அரசுத் துறை மட்டும் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் வரலாற்று மாணவர்களும் கட்டடப் பொறியியல் மாணவர்களும் சேர்ந்து, துறையின் அனுமதியோடு, அடுத்த மழைக்காலத்தில் மலை மேல் நீர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் திண்டுக்கல் சீமையைத் தேடுங்கள். கன்னிவாடிக்கும் விருப்பாட்சிக்கும் போய், அங்கிருந்து மலைக்கோட்டை தெரிகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் பெயர் கீறும் நண்பரைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுங்கள். அதற்குச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் வரையும் வரைபடத்தை இந்தக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். அடுத்து வருபவர்கள் அதிலிருந்து தொடங்கட்டும்.